கடற்கரை மீன்வளப் பாதுகாப்பில் மக்களின் நியாயமான பங்கு
கொல்லம் கரை தரும் பாடம்

கடலில் உள்ள மீன் எவருக்கு உரியது? வகுப்பறையில் இவ்வினாவை எழுப்பினால் மாணவர் பலரும் ‘பிடிப்பவனுக்கு உரியது’ என்றே விடையளிப்பர். வலையில் விழுந்த மீனைப் பொறுத்தவரை அவ்விடை சரியே. ஆனால் வலையில் விழாது நீரில் எஞ்சியிருக்கும் மீனையும், அடுத்த பருவத்தில் அஃது ஈனப்போகும் குஞ்சுகளையும் பற்றி அவ்விடை ஒன்றும் கூறுவதில்லை. மீன்வளப் பாதுகாப்பு என்னும் துறை தொடங்குவது அவ்விடத்திலேதான்.

நம் சுற்றறிக்கைகளில் ‘மக்கள் ஒத்துழைப்பு’ என்னும் சொல் அடிக்கடி காணப்படுகின்றது. ஒத்துழைப்பு என்பது ஒருவர் செய்த முடிவுக்கு மற்றவர் துணை நிற்றல். பங்கு என்பது அம்முடிவைச் செய்யும் இடத்திலேயே அமர்தல். இவ்விரண்டும் ஒன்றல்ல. இவற்றிடையே உள்ள வேறுபாட்டைக் கேரள மாநிலத்துக் கொல்லம் கரையில் நிகழ்ந்த இரு வரலாறுகளைக் கொண்டு இக்கட்டுரையில் ஆராய்வோம். கடற்கரை மாவட்டங்களில் பணியாற்றும் களப்பணியாளர்களுக்கும், மீனவர் குழந்தைகளுக்குக் கல்வி புகட்டும் ஆசிரியர்களுக்கும் இவ்வாராய்ச்சி பயன்படும்.

நம் நாட்டின் நிலை

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 2010-ஆம் ஆண்டில் எடுத்த கணக்கின்படி, இந்தியாவில் 3,288 கடல் மீனவக் கிராமங்கள் இருந்தன. அவற்றில் வாழ்ந்த மீனவக் குடும்பங்கள் 8.64 இலட்சம், மக்கள் ஏறத்தாழ 40 இலட்சம். அக்குடும்பங்களில் பாதிக்கும் மேற்பட்டவை வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தன. ஆகவே கடலில் ஒரு நாள் தடை விதித்தாலும் அது பல இலட்சம் அடுப்புகளைத் தொடும் செயலாகும் என்பதை நாம் நினைவிற் கொள்ளவேண்டும்.

அரசியலமைப்பின்படி, கரையிலிருந்து 12 கடல் மைல் வரையுள்ள ஆட்சிக் கடலில் மீன்பிடித்தலை ஒழுங்கு செய்யும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு. அதற்கு அப்பாற்பட்ட நீர்ப்பரப்பு மத்திய அரசாங்கத்தின் பொறுப்பில் உள்ளது. இவ்வதிகாரத்தைக் கொண்டு கேரளம் 1980-இலும், தமிழ்நாடு 1983-இலும் கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டங்களை இயற்றின. சட்டம் இயற்றுதல் ஒரு நாளில் முடிந்துவிடலாம். அதனை அலைகளுக்கு நடுவே நிறைவேற்றுவது எங்ஙனம்? நூற்றுக்கணக்கான படகுகளுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான காவலரை அனுப்ப எந்த அரசாங்கத்தாலும் இயலாது. விதி தமக்கும் உரியது என மீனவர் உணர்ந்தாலன்றி அவ்விதி ஏட்டளவிலேயே நிற்கும்.

முதல் வரலாறு: நீண்டகரை

அஷ்டமுடிக் காயல் கடலோடு கலக்குமிடத்தில் நீண்டகரையும் சக்திகுளங்கரையும் அமைந்துள்ளன. 1952-ஆம் ஆண்டில் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை ஆகிய மூன்றும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, 1953-இல் இந்திய–நார்வீஜியத் திட்டம் இங்கே தொடங்கப்பட்டது. மீனவரின் வருவாயைப் பெருக்குதல், புதிய மீனை உள்நாட்டு மக்களுக்கு வழங்குதல், கரையோரச் சுகாதாரத்தையும் வாழ்க்கைத் தரத்தையும் உயர்த்துதல் ஆகியவை அதன் நோக்கங்கள். இவை யாவும் நன்னோக்கங்களே என்பதில் ஐயமில்லை.

ஆனால் காலப்போக்கில் திட்டத்தின் திசை மாறிற்று. குளிர்பதனம் செய்த இறாலுக்கு அமெரிக்காவிலும் ஜப்பானிலும் நல்ல விலை கிடைத்தது. கடலடியை வாரியிழுக்கும் இழுவலை விசைப்படகுகள் பெருகின. மீன்பிடித் தொழிலைப் பரம்பரையாக அறியாத முதலாளிகளும் அப்படகுகளில் பணம் போட்டனர். இறால் கரையை ஒட்டிய ஆழம் குறைந்த பகுதியிலேயே மிகுதியாக இருந்தமையால், விசைப்படகுகள் கட்டுமரங்களும் வள்ளங்களும் தொழில் செய்யும் நீருக்குள் புகுந்தன. சிறு மீனவரின் வலைகள் அறுபட்டன. மழைக்காலத்தில் முட்டையிடும் மீனும், வளர்ச்சியடையாத குஞ்சும் சேர்ந்தே வாரப்பட்டன என்பது அவர்களின் குறை.

1980-களின் முற்பகுதியில் உண்ணாவிரதம், மறியல் என அக்குறை வெளிப்பட்டது. 1981 முதல் 1989 வரை மூன்று குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக அமைக்கப்பட்டு இச்சிக்கலை ஆராய்ந்தன. 1988-இல் கேரளத்தில் மழைக்கால இழுவலைத் தடை முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. பின்னர் ஏனைய மாநிலங்களும் பருவத் தடையை மேற்கொண்டன. 2015 முதல் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும், ஆட்சிக் கடலுக்கு அப்பாற்பட்ட மத்திய நீர்ப்பரப்பில் 61 நாள் தடை விதிக்கப்பட்டு வருகின்றது. கேரளத்தின் ஆட்சிக் கடலில் 2018 முதல் இழுவலைத் தடை 52 நாட்கள்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறியவேண்டுவது யாது? புதிய படகு வந்ததால் யார் ஆதாயம் பெறுவர், யார் இழப்பர் என்பதை முன்கூட்டியே ஆராய்ந்து, இழப்போரை அழைத்து வினவியிருப்பின், பூசல் இத்துணைக் காலம் நீண்டிராது. கூட்டத்தில் அமர்த்தப்படாத மக்கள் தெருவில் அமர்ந்தனர். அதன் பின்னரே அவர்களின் சொல் செவிமடுக்கப்பட்டது.

இரண்டாம் வரலாறு: அஷ்டமுடியின் மட்டி

அதே காயலின் உட்புறத்தில் நிகழ்ந்தது மற்றொரு வரலாறு. அஷ்டமுடிக் காயலின் பரப்பு ஏறத்தாழ 61 சதுர கிலோமீட்டர். 2002-இல் அது ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. கடல் நீரும் ஆற்று நீரும் கலக்கும் இதன் முகத்துவாரத்து மணற்படுகையில் ‘பாபியா மலபாரிகா’ என்னும் மட்டி பெருவாரியாக வளர்கின்றது. மலையாளத்தார் இதனை மஞ்சள் கக்கா என்பர். ஆடவர் நீரில் மூழ்கிக் கையாலும், சிறு வள்ளத்திலிருந்து வலைப்பை பொருத்திய வாரியாலும் மட்டியைச் சேகரிக்கின்றனர். கரையில் அதனை அவித்து, ஓட்டிலிருந்து சதையைப் பிரித்தெடுக்கும் வேலையில் பெண்கள் பெரும்பங்கு கொள்கின்றனர். ஏறத்தாழ 3,000 பேரின் பிழைப்பு இத்தொழிலைச் சார்ந்திருந்தது.

1980-களில் வியட்நாம், தாய்லாந்து, மலேசியா முதலிய நாடுகளில் மட்டிச் சதைக்குத் தேவை மிகுந்தது. ஏற்றுமதி வளர்ந்தது. 1991-இல் பிடிப்பு ஏறத்தாழ 10,000 டன்னை எட்டியது. இரண்டே ஆண்டுகளில், அதாவது 1993-இல், அது பாதியாகக் குறைந்தது. பெரிய மட்டி அகப்படாத இடத்தில் சிறிய மட்டியை வாரினர்; சிறிய மட்டியை வாரியதால் பெரிய மட்டி மேலும் அருகிற்று.

இந்நிலையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் மட்டியின் இனப்பெருக்கக் காலத்தையும் வளர்ச்சியையும் ஆராய்ந்து கூறினர். மீனவரோடு கலந்து நான்கு விதிகள் ஏற்படுத்தப்பட்டன.

1. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மட்டி எடுத்தலாகாது. இஃது இனப்பெருக்கக் காலம்.

2. வாரியில் பொருத்தும் வலைப்பையின் கண்ணளவு 30 மில்லிமீட்டருக்குக் குறைதலாகாது. இளமட்டி கண் வழியே நழுவி மணலில் தங்கிவிடும்.

3. ஏற்றுமதி செய்யும் சதையில் ஒரு கிலோகிராமுக்கு 1,400-க்கு மேற்பட்ட எண்ணிக்கை இருத்தலாகாது. எண்ணிக்கை மிகுந்தால் மட்டி சிறியது என்பது பொருள்.

4. இயந்திரத்தால் மட்டி வாருதல் கூடாது.

இவ்விதிகளை ஊன்றி நோக்குக. முதலிரண்டு விதிகள் மட்டி எடுப்பவரைக் கட்டுப்படுத்துகின்றன. மூன்றாவது விதி வாங்கி ஏற்றுமதி செய்பவரையும் கட்டுப்படுத்துகின்றது. சிறிய மட்டிக்குச் சந்தை இல்லையென்றால் அதனை வாருவதில் பயனில்லை அன்றோ? நான்காவது விதி, முதல் உடையோர் இயந்திரத்தைக் கொண்டு ஏழைத் தொழிலாளியின் கையிலிருந்து வேலையைப் பறிக்காதவாறு காக்கின்றது. பாதுகாப்பின் சுமையை ஒரு பகுதியார் மீது மட்டும் ஏற்றாது பலர் மீதும் பகிர்ந்து வைத்தமையே இவ்வேற்பாட்டின் வலிமை.

பிற்காலத்தில் மீனவர், மீன்வள இலாகா, விஞ்ஞானிகள், வணிகர் ஆகியோர் ஒருங்கே அமரும் ஆட்சி மன்றம் ஒன்றும் அமைக்கப்பட்டது. 2014 நவம்பரில், நெறிப்படி நடத்தப்படும் மீன்பிடிப்புக்கு உலக அளவில் வழங்கப்படும் கடல் பாதுகாப்பு மன்றச் சான்றினை அஷ்டமுடி மட்டித் தொழில் பெற்றது. இந்தியாவில் அச்சான்றினை முதன்முதல் பெற்றது இதுவே.

ஆயினும் கதை இத்துடன் முடியவில்லை. அதன் பின்னர் மட்டி வளம் மீண்டும் குறைந்தது. இம்முறை காரணம் மட்டி வாரியவரின் கை மட்டுமன்று. நீர் மாசுபடுதல், தட்பவெப்ப மாறுதல், தென்னமெரிக்கக் கரையைத் தாயகமாகக் கொண்ட ‘மைட்டெல்லா’ என்னும் அயல்நாட்டுச் சிப்பி காயலெங்கும் பரவியமை ஆகியவை காரணங்களாகக் கூறப்படுகின்றன. 2024-இல் ஆராய்ச்சி நிலையத்தார் குஞ்சு பொரிப்பகத்தில் வளர்த்த இலட்சக்கணக்கான மட்டிக் குஞ்சுகளைக் காயலில் விட்டனர். மீனவர் தம் விதிகளைக் கடைப்பிடித்தும், பிறர் செய்த மாசினால் இழப்பு நேருமாயின், அவ்விழப்பை அவர்களே தாங்கவேண்டும் என்பது நியாயமாகாது. மீனவரைக் கட்டுப்படுத்தும் மன்றத்திற்கு, காயலைக் கெடுப்பவரை வினவும் உரிமையும் இருத்தல் வேண்டும்.

பொதுச் சொத்தும் ஆளில்லாச் சொத்தும்

1968-இல் அமெரிக்க உயிரியல் அறிஞர் காரெட் ஹார்டின் ஒரு புகழ்பெற்ற கட்டுரையில், பலருக்கும் பொதுவான மேய்ச்சல் நிலம் அழிந்தே தீரும் என வாதிட்டார். ஒவ்வொருவனும் இன்னொரு மாட்டை அவிழ்த்துவிட்டால் ஆதாயம் அவனுக்கு, கேடு எல்லோருக்கும். ஆதலின் அரசாங்கமோ தனியுடைமையோ அதனைக் காக்கவேண்டும் என்பது அவர் முடிவு.

எலினோர் ஆஸ்ட்ரம் என்னும் அறிஞர் 1990-இல் வெளியிட்ட நூலில் இம்முடிவு எப்போதும் பொருந்தாது எனக் காட்டினார். பல நாடுகளின் மீன்பிடி நீர்நிலைகள், பாசன வாய்க்கால்கள், மலைப்புல்வெளிகள் ஆகியவற்றை ஆராய்ந்த அவர், பயன்படுத்துவோரே விதி வகுத்துப் பல தலைமுறைகளாகக் காத்த பொதுச் சொத்துக்கள் பல உண்டு என்றார். இன்னார் பயன்படுத்தலாம் என்னும் வரையறை, உள்ளூர் நிலைமைக்கேற்ற விதி, விதி வகுப்பதில் பயனாளரின் பங்கு, தம்முள் ஒருவரை ஒருவர் கண்காணித்தல், தவற்றின் அளவுக்கேற்ற தண்டம், பூசலை விரைவில் தீர்க்கும் வழி ஆகியவை அங்கெல்லாம் காணப்பட்டன. இவ்வாராய்ச்சிக்காக 2009-இல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஊர்க் குளம் பொதுச் சொத்து. அதற்கு மடை திறக்கும் முறையும் குடிமராமத்தும் உண்டு. வெளியூர்ச் சாலையோரத்துப் புளியமரம் ஆளில்லாச் சொத்து, முந்தியவன் உலுக்கிக்கொள்வான். கடல் முதல் வகையைச் சார்ந்ததாக இருப்பதும் இரண்டாம் வகையைச் சார்ந்ததாக ஆவதும் மனிதர் செய்துகொள்ளும் ஏற்பாட்டைப் பொறுத்தது.

பழைய முறை யாவும் நியாயமானவையா?

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. பழவேற்காட்டு ஏரியில் ‘பாடு’ என்னும் முறை நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. இறால் மிகுதியாக வரும் இடங்களில் வலை கட்டும் உரிமையைச் சீட்டுக் குலுக்கி முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. நல்ல இடம் இன்று ஒருவனுக்கு, நாளை வேறொருவனுக்கு. இதனால் நீரில் நெருக்கடியும் சண்டையும் தவிர்க்கப்படுகின்றன. எழுதாத சட்டத்துக்கு இஃது அரிய எடுத்துக்காட்டு.

எனினும் அம்முறையில் பங்கு பெறுவோர் குறிப்பிட்ட சமூகத்துத் தலைக்கட்டுக் கணக்கில் சேர்ந்த ஆடவர் மட்டுமே. பெண்களுக்குத் தனி உரிமை இல்லை. கையால் இறால் தடவிப் பிழைக்கும் பிற சமூகத்தாருக்கும் அதில் இடமில்லை. உள்ளே இருப்போரிடம் மிக நியாயமாக நடக்கும் ஒரு முறை, வெளியே நிற்போரிடம் நியாயமற்றதாக இருக்கக்கூடும். ‘ஊர்ப் பஞ்சாயத்து ஒப்புக்கொண்டது’ என்று எழுதி நம் கடமையை முடித்துக்கொள்வது தகாது. பஞ்சாயத்தில் யார் அமர்ந்தனர், யார் வாசலில் நின்றனர் என்பதையும் எழுதவேண்டும்.

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அத்தீவுகளைச் சுற்றிக் கடற்பாசி சேகரித்து வாழ்ந்த இராமநாதபுரம் மாவட்டத்துப் பெண்கள் அதனால் பெரிதும் இடருற்றனர். படகும் வலையும் இல்லாத அவர்களை மீனவர் பட்டியலில் எவரும் நினைத்துப் பார்க்கவில்லை. பின்னர் அப்பெண்கள் தாமே சங்கமாகக் கூடி, மாதத்தில் சேகரிக்கும் நாட்களைக் குறைத்துக்கொண்டு, பாறையைச் சுரண்டும் உலோகக் கருவிகளைத் தவிர்த்து, வளத்தைக் காக்கத் தம்மாலும் இயலும் என நிறுவினர். பாதுகாப்பவர் பட்டியலில் அவர்களை முதலிலேயே சேர்த்திருக்கலாம் அன்றோ?

நியாயத்தின் நான்கு கூறுகள்

மேற்கண்டவற்றிலிருந்து நான்கு வினாக்கள் பெறப்படுகின்றன. எந்தத் திட்டத்தையும் இவற்றால் சோதிக்கலாம்.

முதலாவது, மதிப்பு: வளத்தைப் பயன்படுத்துவோர் அனைவரும் பட்டியலில் உள்ளனரா? படகுரிமையாளர் மட்டுமன்றி, கூலி மீனவர், கருவாடு உலர்த்துவோர், தலைச்சுமை விற்கும் பெண்கள், பருவத்தில் வந்து செல்வோர் ஆகியோரும் அதில் உளரா?

இரண்டாவது, குரல்: முடிவு செய்யும் முன்னர் அவர்கள் வினவப்பட்டனரா? அவர்கள் கூறியதால் திட்டத்தில் ஏதேனும் மாறிற்றா? ஒன்றும் மாறவில்லையாயின் அஃது அறிவிப்புக் கூட்டமே ஆகும்.

மூன்றாவது, சுமை: தடையால் இழப்பவர் யார்? இழப்புக்கு ஈடு யாது? தடைக்காலத்தில் மீனவக் குடும்பத்தார் சேமிக்கும் 1,500 ரூபாயுடன் அரசாங்கங்கள் 3,000 ரூபாய் சேர்த்து வழங்கும் சேமிப்பு–நிவாரண ஏற்பாடு உண்டு. அது பதிவு பெற்றோருக்கே சேரும். பதிவு பெறாதவளான இறால் உரிக்கும் பெண்ணுக்குத் தடைக்காலம் வெறும் பட்டினிக் காலமே.

நான்காவது, பயன்: வளம் பெருகியபின் அதன் ஆதாயம் காத்திருந்தவருக்குக் கிட்டுகின்றதா, அல்லது தடை நீங்கிய முதல் நாளன்றே பெரும்படகுகள் வாரிச் செல்கின்றனவா?

களப்பணியாளர் செய்யத்தக்கவை

1. கூட்டத்தின் நாளையும் நேரத்தையும் ஊராரிடமே கேட்டு வைக்க. படகு கரையேறும் வேளையிலும், பெண்கள் சந்தைக்குச் சென்றிருக்கும் வேளையிலும் வைத்த கூட்டத்தில் வேலையற்றோரே மிகுவர்.

2. பெண்களையும் கூலி மீனவரையும் முதலில் தனித்தனியே சந்தித்துப் பேசுக. படகுக்காரர் முன்னிலையில் கூலியாள் வாய் திறப்பது அரிது.

3. விஞ்ஞானக் கணக்கை அவர்கள் வழங்கும் அளவையில் கூறுக. டன் என்பதைக் கூடையாகவும், மில்லிமீட்டர் என்பதை விரலளவாகவும் மாற்றிக் காட்டுக. அவர்கள் கூறும் நீரோட்டம், காற்று, மீன்வரவு பற்றிய செய்திகளை அவ்வாறே குறித்துவைத்து விஞ்ஞானிகளுக்கு அனுப்புக. அறிவு இருபுறமும் செல்லவேண்டும்.

4. தடையைப் பற்றிப் பேசும் அன்றே ஈட்டைப் பற்றியும் பேசுக. ஈடு எப்போது, எவர் வழியே வரும் என்பதை உறுதியாகத் தெரியாமல் வாக்களிக்கவேண்டாம். பொய்த்த வாக்கு ஒன்று பத்தாண்டு நம்பிக்கையைக் கெடுக்கும்.

5. முதல் தவற்றுக்கு எச்சரிக்கை, இரண்டாவதற்குச் சிறு தண்டம், பின்னரே வலை பறிமுதல் எனத் தண்டத்தைப் படிப்படியாக வகுக்கச் செய்க. அது சிறுபடகுக்கும் பெரும்படகுக்கும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.

6. தீர்மானத்தை உரக்கப் படித்துக் காட்டியபின் கையொப்பம் பெறுக. மறுப்புக் கூறியவரின் கருத்தையும் அதில் எழுதுக. ஆண்டுக்கொருமுறை அதனை மீண்டும் எடுத்து, நிறைவேறியது எது, நிறைவேறாதது எது என ஊரார் முன் கணக்குக் கொடுக்க.

கேரளத்தில் கடல் மீன்பிடிச் சட்டம் 2018-இல் திருத்தப்பட்டபோது கிராமம், மாவட்டம், மாநிலம் என மூன்று நிலைகளில் மீன்வள மேலாண்மை மன்றங்களுக்கு இடம் அளிக்கப்பட்டது. இத்தகைய மன்றங்கள் பெயரளவில் நில்லாது உயிர்பெறுவது பெரும்பாலும் நம் களப்பணியாளரின் பொறுமையையே பொறுத்தது.

ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி

கணக்குப் பாடத்தில் பின்வரும் வினாவைக் கொடுக்கலாம். ஒரு கிலோகிராம் சதையில் 1,400 மட்டி இருக்குமாயின், 100 கிலோகிராமுக்கு எத்தனை மட்டி எடுக்கப்படும்? விடை 1,40,000. அதுவே கிலோகிராமுக்கு 2,000 எண்ணிக்கையுள்ள சிறிய மட்டியாயின் எத்தனை? விடை 2,00,000. அதே எடைக்கு 60,000 உயிர்கள் மிகுதியாக அழிகின்றன. அவை காயலில் தங்கியிருப்பின் வளர்ந்து எடை கூடியிருக்கும், குஞ்சும் ஈன்றிருக்கும். ஒரு விதியின் காரணத்தை மாணவன் தானே கணக்கிட்டு அறிந்தால், வீட்டில் தந்தையிடம் அதனை விளக்குபவனும் அவனே ஆவான்.

சமூகப் பாடத்தில், வகுப்பை ஐந்து குழுக்களாகப் பிரித்து, விசைப்படகுக்காரர், வள்ளக்காரர், கூலி மீனவர், மீன் விற்கும் பெண்கள், அதிகாரிகள் என அமர்த்தி, ஒரு மாதத் தடையைப் பற்றித் தீர்மானம் செய்யச் சொல்லலாம். முதல் சுற்றில் அதிகாரிகளும் விசைப்படகுக்காரரும் மட்டும் பேசட்டும். இரண்டாம் சுற்றில் யாவரும் பேசட்டும். இரு தீர்மானங்களையும் கரும்பலகையில் அருகருகே எழுதி ஒப்பிடுக. வேறுபாட்டை ஆசிரியர் விளக்க வேண்டியதில்லை, மாணவரே கண்டுகொள்வர்.

முடிவுரை

உலக உணவு விவசாய நிறுவனம் 2014-இல் ஏற்றுக்கொண்ட சிறு மீன்பிடிப்பு நெறிமுறைகளும், நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டுத் தேசியக் கடல் மீன்வளக் கொள்கையும், கரையோர மக்களின் பங்கினை வலியுறுத்துகின்றன. கொள்கை உருவாகிவிட்டது. இனி வேண்டுவது நடைமுறை. நீண்டகரையில் மக்களை வினவாது தொடங்கிய முன்னேற்றம் பூசலில் முடிந்தது. அதே நீரின் மறுபுறத்தில், மட்டி வாருபவனையும் விஞ்ஞானியையும் ஒரே பாயில் அமர்த்திய ஏற்பாடு பாதியாய்க் குறைந்த வளத்தை மீட்டது. பின்னர் வந்த இடரைத் தனியே தடுக்க அதனாலும் இயலவில்லை என்பதும் மறக்கத்தக்கதன்று. அடுத்த முறை ஒரு கடற்கரைக் கிராமத்தில் கூட்டம் கூட்டும்போது, வந்திருப்போரின் பெயர்களை எழுதிய பின்னர், வராதவர் யார் என்று ஒரு வரி எழுதும் பழக்கத்தை நம் பணியாளர் மேற்கொள்வாராயின், இப்பாடம் பயன் தந்ததாகக் கொள்ளலாம்.